பாவசங்கீர்த்தனம் செய்தாயிற்று, அக்காவிடமும் சொல்லவேண்டுமா?

தம்பி, அம்மாவின் மருந்துக்கென்று கனடாவிலிருந்து அக்கா அனுப்பிய காசை மோட்டார் சைக்கிள் லீசிங்குக்குக் கட்டிவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். பாதரிடம் பாவசங்கீர்த்தனம் செய்து, அதாவது பாவத்தை அறிக்கையிட்டு, மன்னிப்பும் கிடைத்துவிட்டது, ஆனால் மனம் ஆறவில்லை என்கிறீர்கள்.

அந்த மன்னிப்பு முழுமையானது, அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் காசு இன்னும் அக்காவுக்குத் திரும்பவில்லையே. பாவமன்னிப்பு பாவத்தைப் போக்கும், பாவத்தால் வந்த சேதத்தை நாம்தான் சீர்செய்யவேண்டும் என்று கத்தோலிக்க மறைக்கல்வி நூல் (எண் 1459) சொல்கிறது. திருடியதைத் திருப்பிக் கொடுப்பதைத்தான் முதல் உதாரணமாகக் காட்டுகிறது. இயேசுவைச் சந்தித்து மனம்மாறிய வரிதண்டுபவரான சக்கேயுவும் ஏமாற்றியதை நான்கு மடங்காகத் தருவதாகச் சொன்னார் (லூக்கா 19:8).

பாதர் இதை யாரிடமும் சொல்லமாட்டார், சொல்லவும் கூடாது. ஆகவே அக்காவுக்குத் தெரியவேண்டுமென்றால் நீங்கள்தான் வாய் திறக்கவேண்டும். பெயர் சொல்லாமல் காசைத் திருப்பினாலும் கடன் தீரும்தான். ஆனால் அடுத்த மாதமும் அக்கா உங்களை நம்பித்தானே அனுப்பப்போகிறா? அதனால் சொல்லிவிடுவதே நல்லது என்பேன்.

வாட்ஸ்அப்பில் எழுதாமல் கோல் எடுத்துப் பேசுங்கள். லீசிங் கஷ்டத்தில் தொடங்கவேண்டாம். "நான் எடுத்தனான்" என்பதை முதலில் சொல்லுங்கள். மாதாமாதம் எவ்வளவு தரமுடியும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அக்கா கோபப்பட்டால் படட்டும். உடனே மன்னிக்கச் சொல்லி நெருக்காதீர்கள்.