டீச்சரம்மா பதில்கள்: வாட்ஸ்அப்பில் வரும் வீட்டுப்பாடம்

முப்பத்து நாலு வருஷம் அரசுப் பள்ளிகளில் சாக்பீஸ் பிடித்தவள் நான். கடைசி ஒன்பது வருஷம் தலைமையாசிரியை. இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை போனும் படிப்பும் பற்றியவை என்பதால், அவற்றுக்கு மட்டும் இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: நானும் வீட்டுக்காரரும் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறோம். வீடு வந்து சேர ராத்திரி எட்டரை ஆகிவிடும். மகன் ஒன்பதாவது படிக்கிறான். வீட்டுப்பாடம் வாட்ஸ்அப் குரூப்பில்தான் வருகிறது என்பதால் பழைய போன் ஒன்றை வீட்டில் வைத்துவிட்டுப் போகிறோம். நாங்கள் வரும்வரை ஃப்ரீ ஃபயர் விளையாடுகிறான். போன வாரம் கணக்கிலிருந்து 800 ரூபாய் போய்விட்டது. கேட்டால் அந்த விளையாட்டுக்குள் டைமண்ட் வாங்கினானாம். இவர் போனை உடைக்கப் போனார். பையன் ரெண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. என்ன செய்வது?
(ஒரு தாய், பல்லடம்)

பதில்: போனை உடைக்காமல் தடுத்தீர்களே, அது நல்ல காரியம் தங்கச்சி. உடைத்திருந்தால் அவன் மறுநாள் பக்கத்து வீட்டுப் பையன் போனில் விளையாடுவான், அதை உங்களிடம் சொல்லவும் மாட்டான்.

உங்கள் கடிதத்தில் என் மனசை உறுத்தியது 800 ரூபாய் அல்ல. பள்ளி விட்டு வருகிறவன் கதவைத் திறந்து உள்ளே நுழைகிறான். நீங்கள் வரும்வரை மூன்றரை, நாலு மணி நேரம் அந்த வீட்டில் அவனோடு பேச இருப்பது அந்தப் போன் ஒன்றுதான். அந்த விளையாட்டில் ஐம்பது பேர் ஒரே நேரத்தில் இறங்குவார்கள். ஒரு ஆட்டம் பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும், முடிந்த கையோடு கூட்டாளி 'வாடா, இன்னொன்னு' என்று கூப்பிடுவான். தனியாக இருக்கிற பையனை யாரோ பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்றால் அவன் போகத்தான் செய்வான். அந்த மூன்றரை மணி நேரத்துக்கு நீங்கள் ஒரு ஆளைத் தேட வேண்டும். பாட்டி இருக்கிற வீடு தெருவில் ஏதாவது உண்டா பாருங்கள். அவன் வகுப்புப் பையன்கள் ரெண்டு மூன்று பேர் அந்தத் திண்ணையில் சேர்ந்து உட்கார்ந்து எழுதட்டும். பாட்டிக்குப் படிக்கத் தெரிய வேண்டாம், உட்கார்ந்திருந்தால் போதும். கிளை நூலகம் சாயங்காலம் திறந்திருக்கிற ஊர் என்றால் அங்கே அனுப்புங்கள். வாரத்தில் ரெண்டு நாள் மைதானத்துக்கு விடுங்கள், ஆறரைக்குத் திரும்பி வரச் சொல்லுங்கள்.

பழைய போனை அவன் பொறுப்பில் விட வேண்டாம், கம்பெனிக்கு நீங்களே கொண்டு போய்விடுங்கள். எட்டரைக்கு வந்ததும் குரூப்பைத் திறந்து அவன் பக்கத்தில் வையுங்கள். அதைப் பார்த்து அன்றைய வேலையை நோட்டில் எழுதிக்கொள்ளட்டும். பத்து நிமிஷ வேலை அது. எழுதி முடித்ததும் போன் உங்கள் கைக்கு வந்துவிட வேண்டும். வீட்டுப்பாடம் செய்யப் போன் தேவையில்லை, என்ன வீட்டுப்பாடம் என்று தெரிந்துகொள்ளத்தான் தேவை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு மணி நேரம் விளையாடட்டும், நீங்கள் வீட்டில் இருக்கும்போது. அது அவனுக்கு நீங்கள் கொடுக்கிற வாக்கு. கோபம் வந்தாலும் அதைப் பறிக்காதீர்கள்.

பணத்துக்கு வருகிறேன். யுபிஐ பின் நம்பரை இன்றைக்கே மாற்றுங்கள். ப்ளே ஸ்டோரில் ஒவ்வொரு முறை வாங்கும்போதும் பாஸ்வேர்டு கேட்கும்படி வைக்கிற வசதி உண்டு, கம்பெனியில் யாராவது இளைஞரிடம் கொடுத்தால் போட்டுத் தருவார். வெளியாள் யாராவது பேசி ஏமாற்றிப் பணம் எடுத்திருந்தால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும். இது அப்படியில்லை, உங்கள் பிள்ளை செலவு செய்தது. உங்கள் சம்பளத்தில் 800 ரூபாய் என்றால் எத்தனை மணி நேரம் என்று அவனையே கணக்குப் போடச் சொல்லுங்கள். திட்டாமல், பக்கத்தில் உட்கார வைத்து, பேப்பரில்.

எங்கள் வீட்டுப் பழக்கம் ஒன்றும் சொல்கிறேன். முறுக்கு போட்டு வைக்கிற பெரிய எவர்சில்வர் சம்படம் ஒன்று உண்டு. ராத்திரி ஒன்பதரை ஆனால் வீட்டில் இருக்கிற எல்லாப் போனும் அதற்குள் போய்விடும், என் போனும் சேர்த்து. அந்த மூடி கொஞ்சம் இறுக்கம். திறந்தால் 'டங்' என்ற சத்தம் கடைசி அறை வரைக்கும் கேட்கும், யாரும் ரகசியமாக எடுக்க முடியாது. அலாரத்துக்குப் போன் வேண்டுமே என்று மகள் கேட்டாள், சந்தையில் ஒரு டைம்பீஸ் வாங்கி வைத்தேன். உங்கள் வீட்டுக்காரர் படுத்துக்கொண்டே வீடியோ பார்க்கிறவர் என்றால் முதலில் அவர் போன் உள்ளே போக வேண்டும். பையன் அதைக் கண்ணால் பார்க்க வேண்டும்.

கேள்வி: டீச்சர், நான் பதினொன்றாவது அறிவியல் குரூப். பிசிக்ஸ் முழுக்க யூடியூபில்தான் படிக்கிறேன். பார்க்கும்போது எல்லாம் புரிகிறது. பரீட்சையில் பேப்பரைப் பார்த்தால் ஒன்றும் வர மாட்டேன் என்கிறது. எனக்கு மறதி வியாதியா?
(ஒரு மாணவி, பெருந்துறை)

பதில்: வியாதி ஒன்றுமில்லை கண்ணு. வீடியோவில் கணக்குப் போடுவது அந்த சார், நீ இல்லை. அவர் போட்டது உனக்குப் புரிகிறது, அவ்வளவுதான். பந்தி பரிமாறுகிறதைப் பார்த்தால் வயிறு நிறையுமா?

2006-ல் அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக் என்ற ரெண்டு உளவியல் அறிஞர்கள் ஒரு சோதனை செய்தார்கள். கல்லூரி மாணவர்களுக்கு ஒரு பாடத்தைக் கொடுத்து, சிலரைத் திரும்பத் திரும்பப் படிக்க வைத்தார்கள். சிலரைப் படித்ததும் மூடி வைத்துவிட்டு நினைவிலிருந்து எழுதச் சொன்னார்கள். அஞ்சு நிமிஷம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்கள்தான் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டால் நிலைமை தலைகீழ். எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 சதவீதம் நினைவிருந்தது, திரும்பப் படித்தவர்களுக்கு 42 சதவீதம். பார்த்த உடனே எல்லாம் தெரிந்தது போல் இருக்கிறதே, அந்த அஞ்சு நிமிஷத் தெம்புதான் உன்னை ஏமாற்றுகிறது.

எறிபொருள் இயக்கத்தையே எடுத்துக்கொள். எந்தக் கோணத்தில் எறிந்தால் கிடைத்தள நெடுக்கம், அதாவது பொருள் போய் விழுகிற தூரம், பெருமம் என்று கேட்டால் 45 டிகிரி என்று சட்டென்று சொல்லிவிடுவாய். ஏன் 45? வீடியோவை அந்த இடத்தில் நிறுத்து. போனைக் கவிழ்த்து வை. ரஃப் நோட்டில் சூத்திரத்தை நீயே வருவி. அதில் சைன் இரண்டு தீட்டா என்று வரும். சைனின் பெரும மதிப்பு 1, அது 90 டிகிரியில் கிடைக்கிறது. இரண்டு தீட்டா 90 என்றால் தீட்டா, அதாவது எறிகிற கோணம், 45. இதை உன் கை எழுத வேண்டும். நடுவில் மாட்டிக்கொள்கிற இடம் ஒன்று இருக்குமே, அதைப் பென்சிலால் வட்டம் போடு. அப்புறம் வீடியோவை ஓட்டி அந்த இடத்தை மட்டும் பார். மறுநாள் எதையும் பார்க்காமல் இன்னொரு முறை எழுது.

வேகத்தைக் கூட்டி வைத்துப் பார்க்காதே. தேடுகிற நேரத்தில் வேறு வீடியோக்கள் இழுக்கின்றன என்றால், பாடப்புத்தகத்தில் அச்சிட்டிருக்கிற க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து அந்தப் பாடத்துக்கே நேராகப் போய்விடு. சாட்ஜிபிடியிடம் விடை கேட்கலாமா என்று கடிதத்தின் ஓரத்தில் சின்னதாக எழுதியிருந்தாய். நீ போட்டு முடித்த கணக்கைக் காட்டி எங்கே தப்பு என்று கேள். அது சொன்னதையும் புத்தகத்தோடு வைத்துப் பார், ஏனென்றால் தப்பைக்கூட அது தைரியமாகத்தான் சொல்லும். போடாத கணக்குக்கு விடை கேட்காதே.

கேள்வி: நடுநிலைப் பள்ளியில் ஆசிரியராகச் சேர்ந்து ரெண்டு வருஷம் ஆகிறது. வீட்டுப்பாடத்தைக் குரூப்பில் போடச் சொல்லிப் பெற்றோர் கேட்கிறார்கள். வகுப்பில் நாலு பிள்ளைகள் வீட்டில் ஸ்மார்ட்போன் கிடையாது. போடுவதா, வேண்டாமா?
(இளம் ஆசிரியர், தாராபுரம்)

பதில்: தம்பி, இதற்கு நான் என் தவறு ஒன்றைச் சொல்லித்தான் பதில் சொல்ல முடியும்.

2020-ல் பள்ளிகளை மூடியிருந்த காலம். எட்டாம் வகுப்புக்கு நான் கணக்கை குரூப்பில் அனுப்பிக்கொண்டிருந்தேன். ஒரு பெண் பிள்ளை தினமும் ராத்திரி பத்தே முக்காலுக்கு மேல்தான் விடையைப் படம் எடுத்து அனுப்புவாள். படம் மங்கலாக இருக்கும், நோட்டில் பாதியை அவள் கை நிழலே மறைத்திருக்கும். எனக்கு எரிச்சல். 'பகல் முழுக்க என்ன செய்தாய்?' என்று வாய்ஸ் மெசேஜில் கடிந்துகொண்டேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த மாதம் பாடப்புத்தகம் கொடுக்க வீட்டுக்குப் போனபோதுதான் தெரிந்தது. அப்பா விசைத்தறிக்குப் போகிறவர். போன் அவர் சட்டைப் பையில். அவர் ஷிப்ட் முடிந்து வரப் பத்து மணி ஆகும். தம்பி தங்கைகள் தூங்குவதால் லைட் போடாமல், அடுப்படியில் இருந்த சின்ன பல்பு வெளிச்சத்தில் உட்கார்ந்து எழுதியிருக்கிறாள். நான் மன்னிப்புக் கேட்டேன். 'பரவால்லீங்க டீச்சர்' என்றாள். அந்த 'பரவால்லீங்க' இன்றைக்கும் என்னைத் தூங்க விடுவதில்லை.

அதனால் சொல்கிறேன். கடைசி மணிக்குப் பத்து நிமிஷம் முன்னால் வீட்டுப்பாடத்தைக் கரும்பலகையில் எழுதிப் போடு. எல்லாப் பிள்ளைகளும் டைரியில் எழுதிவிட்டார்களா என்று பெஞ்சு பெஞ்சாகப் பார். குரூப்பில் லீவு, கூட்டம், தடுப்பூசி மாதிரியான அறிவிப்பு மட்டும் போகட்டும், அதுவும் சாயங்காலம் ஆறு மணிக்குள். வீடியோ காட்ட வேண்டுமென்றால் பள்ளியிலேயே எல்லாருக்கும் சேர்த்துக் காட்டு, நடுவில் நிறுத்தி நிறுத்திக் கேள்வி கேள். அதுவும் இல்லாவிட்டால் கல்வித் தொலைக்காட்சி இருக்கிறது. 2019 ஆகஸ்ட்டில் தொடங்கியது அது. போன் இல்லாத வீட்டுக்கும் பாடம் டிவி வழியாகப் போய்ச் சேர்ந்ததைக் கொரோனா சமயத்தில் நான் கண்ணால் பார்த்தேன்.

பெற்றோர் வற்புறுத்தினால் அந்த நாலு பிள்ளைகளைச் சொல்லு. பேரைச் சொல்லாமல் சொல்லு.

கேள்வி: பேரனுக்கு ரெண்டு வயசு. போனில் பாட்டுப் போட்டால்தான் சாப்பிட வாயைத் திறக்கிறான். மருமகளிடம் சொன்னால் வருத்தம் வருமோ என்று தயக்கமாக இருக்கிறது.
(ஒரு தாத்தா, காரைக்குடி)

பதில்: ஐயா, மருமகளிடம் சொல்ல வேண்டாம். ஒரு வேளைச் சாப்பாட்டை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். கிண்ணத்தோடு வாசலுக்குத் தூக்கிப் போங்கள், காக்கா, நாய், பக்கத்து வீட்டு ஸ்கூட்டர் என்று காட்டிக்கொண்டே ஊட்டுங்கள். முதல் நாலைந்து நாள் அழுவான், குறைவாகத்தான் சாப்பிடுவான், பசித்தால் கேட்பான். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் கொடுத்த வழிகாட்டுதலில் ரெண்டு வயசுக்குக் கீழே திரையே வேண்டாம் என்கிறது. ரெண்டிலிருந்து நாலு வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், குறைந்தால் இன்னும் நல்லது என்கிறது. பேச்சு வருகிற வயசு இது. உங்கள் வாயைப் பார்த்துத்தான் அவன் பேசப் பழக வேண்டும்.

கேள்வி: எங்கள் ஊர் உயர்நிலைப் பள்ளியில் பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவியாக இருக்கிறேன். ஒவ்வொரு வீட்டிலும் தனித்தனியாகப் போராடிப் பயனில்லை. ஊராகச் சேர்ந்து ஏதாவது செய்ய முடியுமா?
(குழுத் தலைவி, அவிநாசி பக்கம்)

பதில்: முடியும் அம்மா. செய்து காட்டிய ஊர் ஒன்று இருக்கிறது. மகாராஷ்டிராவில் சாங்லி மாவட்டத்தில் மோகித்யாஞ்சே வட்காவ் என்ற கிராமம். 2022 ஆகஸ்ட்டில் தொடங்கினார்கள். தினமும் சாயங்காலம் ஏழு மணிக்குக் கோயிலிலிருந்து சைரன் ஒலிக்கும். டிவியையும் போனையும் அணைத்துவிட வேண்டும். எட்டரைக்கு மறுபடி ஒலிக்கும். அந்த ஒன்றரை மணி நேரம் பிள்ளைகள் படிக்கிறார்கள், வீட்டார் பேசிக்கொள்கிறார்கள். ஆரம்பத்தில் எல்லாரும் கேட்கவில்லை. அங்கன்வாடி ஊழியர்களும் ஓய்வு பெற்ற ஆசிரியர்களும் வீடு வீடாகப் போய்ச் சொன்ன பிறகுதான் படிந்தது.

நம் கொங்குப் பக்கத்துக்குச் சங்கு புதுசா என்ன? மில் சங்கு கேட்டு உலை வைத்த ஊர்கள் இவை. உங்கள் பக்கம் ஷிப்டு வேலை அதிகம் என்பதால் ஏழு மணி ஒத்து வராது என்று நினைக்கிறேன். கூட்டத்தில் தாய்மார்களையே நேரம் சொல்லச் சொல்லுங்கள், பெரும்பாலோர் வீட்டில் இருக்கிற நேரமாக இருக்கட்டும். முதலில் ஒரு மணி நேரம் போதும். அதுவும் ஒரே தெருவில் தொடங்குங்கள். அந்த நேரத்தில் சீரியல் பார்க்கிற பெரியவர்களை எப்படிச் சமாளிப்பது என்பதை முன்னாலேயே பேசிவிடுங்கள், ஏனென்றால் அங்கேதான் இது உடையும்.

பிள்ளைகள் உட்கார இடம் வேண்டும். அரசின் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தை நினைத்துப் பாருங்கள். 2021 அக்டோபரில் விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் தொடங்கியபோது கட்டடம் எதுவும் கட்டவில்லை. ஒரு தன்னார்வலர், இருபது பிள்ளைகள், சாயங்காலம் ஒன்றரை மணி நேரம். கோயில் மண்டபத்திலும் வீட்டு வாசலிலும் பாய் விரித்து நடந்தது. படிப்பு விட்டுப்போன பிள்ளைகள் அ, ஆ-விலிருந்து மறுபடி பிடித்துக்கொண்டதை எங்கள் ஊரிலேயே பார்த்தேன். தன்னார்வலராக இருந்த பெண்கள் உங்கள் ஊரிலும் இருப்பார்கள், முதலில் அவர்களைக் கூப்பிடுங்கள்.

தீர்மானப் புத்தகத்தில் நேரத்தையும் தெருப் பெயரையும் எழுதி எல்லாரிடமும் கையெழுத்து வாங்குங்கள். சங்கு ஊதப் போகிற முதல் நாள் எது என்று எனக்கு ஒரு கார்டு போடுங்கள் அம்மா. பஸ் ஏறி வந்துவிடுகிறேன், பாயில் ஓரமாக எனக்கும் ஒரு இடம் வையுங்கள்.