ஸ்டீராய்டு ஸ்ப்ரேயை நிறுத்திவிடலாமா?

கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "தென்னை நார் மில்லில் வேலை. வருடம் முழுக்கத் தும்மலும் மூக்கடைப்பும். பொள்ளாச்சி டாக்டர் புளூட்டிகசோன் ஸ்ப்ரே எழுதினார். அது ஸ்டீராய்டு, முகம் ஊதும், எலும்பு தேயும் என்று வீட்டில் பயமுறுத்துகிறார்கள். மூன்று நாள் அடித்தும் பலனில்லை. நிறுத்திவிடலாமா?"

நிறுத்தாதீர்கள். இந்த மருந்து மூக்கின் உள்தோல் வீக்கத்தை மெல்ல மெல்ல வற்றவைக்கும். முழுப் பலன் தெரிய இரண்டு வாரம்கூட ஆகலாம். அடைப்பு இல்லாத நாளிலும் டாக்டர் சொன்னபடி அடிக்க வேண்டும்.

முகம் ஊதுவதெல்லாம் மாத்திரையோ ஊசியோ நெடுநாள் உடம்புக்குள் போனால் வருவது. ஸ்ப்ரேயில் ஓர் அழுத்துக்கு 50 மைக்ரோகிராம். இரண்டு துவாரத்திலும் இரண்டிரண்டு முறை அடித்தால் நாளுக்கு 200. அதிலும் ரத்தத்தில் கலப்பது நூற்றில் இரண்டு பங்குகூட இல்லை.

நான் பயப்படுவது மெடிக்கல் கடையில் "அஞ்சே நிமிஷத்துல திறந்துரும்" என்று எடுத்து நீட்டும் சொட்டு மருந்துக்குத்தான். பெரும்பாலும் சைலோமெட்டாசோலின் அல்லது ஆக்சிமெட்டாசோலின். மூன்று முதல் ஐந்து நாள் தாண்டினால் அந்த மருந்தே மூக்கை அடைக்கத் தொடங்கலாம். திறக்க மறுபடி அதையே போட வேண்டும். ஒரு லாரி டிரைவர் சட்டைப் பையிலிருந்து மூன்று பாட்டில்களை எடுத்து என் மேசையில் வைத்தார். கேரள எல்லைச் செக்போஸ்டுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று வாங்கியவை. கேள்வி கேட்க ஆளில்லை.

அதைவிட மோசம், "சீசனுக்கு ஒரே ஊசி" என்று குத்துகிறவர்கள். அதில் 40 மில்லிகிராம் ஸ்டீராய்டு இருக்கும். எடைக் கணக்கில் உங்கள் ஸ்ப்ரேயின் 200 நாள் மருந்து, ஒரே குத்தில் உடம்புக்குள்! தயவுசெய்து போட்டுக்கொள்ளாதீர்கள்.

ஒருவேளை நீங்கள் அடிக்கும் முறையும் தவறாக இருக்கலாம். தலையை அண்ணாந்து வைக்காமல் லேசாகக் குனியுங்கள். இடது மூக்குக்கு வலது கை, வலது மூக்குக்கு இடது கை. முனை காதுப் பக்கம் பார்க்கட்டும். நடுச்சுவரில் பட்டுக்கொண்டே இருந்தால் ரத்தம் கசியும். பலமாக உறிஞ்சினால் மருந்து தொண்டைக்குப் போய்விடும். இதைச் செய்துகாட்ட ஒரு நிமிடம் போதும். ஓ.பி. கூட்டத்தில் அந்த ஒரு நிமிடம் யாருக்கும் கிடைப்பதில்லை. பெட்டிக்குள் இருக்கும் காகிதமோ எறும்பளவு ஆங்கில எழுத்தில்! இது எனக்குத் தீராத ஆதங்கம்.

ஒன்றில் மட்டும் கவனம். சளிக்கென்று யாரோ கொடுத்த குட்டி மாத்திரையை வாரக்கணக்கில், மாதக்கணக்கில் விழுங்கி வருகிறீர்களா? அது ஸ்டீராய்டாக இருந்தால், இதைப் படித்துவிட்டுச் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள். உடம்பு தன் சொந்த ஸ்டீராய்டுச் சுரப்பைக் குறைத்திருக்கும். திடீரென்று விட்டால் மயக்கம், வாந்தி, உயிருக்கே ஆபத்துகூட வரலாம். படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். காலி அட்டையாக இருந்தாலும் சரி, அதை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள்.