பீலியில் தொங்கும் ஐஸ்: பொறுப்பு யாருக்கு?

கேள்வி: டொரொண்டோவின் ஸ்காபரோ பகுதியில் ஒரு வீட்டின் பேஸ்மென்டில் வாடகைக்கு இருக்கிறோம். எங்கள் பக்கவாசலுக்கு நேர் மேலே, கூரைப் பீலியில் (கூரை நீர் வடியும் வாய்க்காலில்) ஐஸ் விழுது விழுதாகத் தொங்கும். மூன்று கிழமைக்கு முன் ஒன்று உடைந்து விழுந்ததில் மனைவிக்குத் தோள் எலும்பில் வெடிப்பு. வீட்டுக்காரரிடம் கேட்டால், "இது இயற்கை, நான் என்ன செய்ய? ஸ்னோ அள்ளுவது உங்கள் வேலை என்று கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களே" என்கிறார். ஊர்க்காரர், முகம் முறிக்கவும் மனமில்லை. என்ன செய்யலாம்?

பதில்: முதலில் வீட்டுக்காரருக்குக் கடிதம். மற்றதெல்லாம் அப்புறம். தனியார் இடத்தில் ஸ்னோ, ஐஸ் காரணமாகக் காயப்பட்டால், 60 நாட்களுக்குள் எழுத்தில் அறிவித்தாக வேண்டும் என்று ஒன்ராறியோவில் 2021 ஜனவரி 29 முதல் சட்டம். தேதி, நேரம், இடம் மூன்றும் அதில் இருக்க வேண்டும். நேரில் கொடுங்கள், இல்லாவிட்டால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். போனில் சொன்னதையும் வாட்ஸ்அப்பில் போட்டதையும் நம்பி இருக்காதீர்கள். தக்க காரணமின்றி நாள் தவறினால் வழக்கு வாசலிலேயே நின்றுவிடும். கடிதம் கொடுத்தவுடன் வழக்குப் போட வேண்டும் என்றில்லை, அதற்குப் பொதுவாக இரண்டு வருடம் இருக்கிறது. அவரிடம் வீட்டுக் காப்புறுதி இருந்தால் பெரும்பாலும் அந்த நிறுவனம்தான் பேச வரும், ஊர்க்காரரின் முகத்தைப் பார்த்துத் தயங்காதீர்கள்.

இனி அந்த "இயற்கை". ஸ்னோ விழுவது இயற்கைதான். ஆனால் பூச்சியத்துக்குக் கீழே குளிர் நிற்கும்போது கூரை ஸ்னோ ஏன் உருகுகிறது? வெயிலில் கொஞ்சம் உருகும். வெயிலே இல்லாத நாளிலும் உருகினால், வீட்டுச் சூடு மேலே போகிறது என்று பொருள். அட்டிக்கில் (கூரைக்கு அடியிலுள்ள வெற்றிடத்தில்) சூட்டைத் தடுக்கும் இன்சுலேஷன் போதாமல் இருக்கலாம், குளியலறை ஃபேனின் குழாய் வெளியே போகாமல் அட்டிக்குக்குள்ளேயே ஈரச்சூட்டைக் கொட்டலாம். உருகிய நீர் கூரை விளிம்புக்கு வந்ததும், கீழே சூடு இல்லாததால் மறுபடி உறைகிறது. பீலியில் இலையும் குப்பையும் அடைத்திருந்தால் நீர் இறங்க வழியின்றி வழிந்து, சொட்டுச் சொட்டாக நீண்டு தொங்குகிறது. இவை பெரும்பாலும் பராமரிப்புக் குறைகள். 2006ஆம் ஆண்டின் குடியிருப்பு வாடகைச் சட்டத்தின் 20ஆம் பிரிவு, வீட்டை நல்ல நிலையில் வைத்திருப்பதை வீட்டுக்காரரின் கடமையாக்குகிறது.

ஆகவே ஐஸ் கரைவதற்குள் படம் எடுங்கள். கூரை முழுதும் தெரிய ஒன்று, வாசலும் பீலியும் சேர்ந்து தெரிய ஒன்று. அயல்வீட்டுக் கூரையில் ஸ்னோ அப்படியே கிடக்க, உங்கள் கூரையில் மட்டும் திட்டாக உருகி ஓடு தெரிந்தால், இரண்டும் ஒரே படத்தில் வரட்டும். அது நல்ல சாட்சி. முன்பு அவருக்கு அனுப்பிய குறுஞ்செய்தி ஒன்றிருந்தாலும் அழிக்காதீர்கள். அவருக்கு முன்பே தெரியும் என்பது வழக்கில் பெரிய விஷயம். ஏணி வைத்து ஐஸைத் தட்டப் போக வேண்டாம்.

கையெழுத்துக்குப் பயப்படாதீர்கள். பேஸ்மென்டில் குடியிருந்தவர் ஐஸில் விழுந்த ஒரு வழக்கில், 2009இல் ஒன்ராறியோ மேல்முறையீட்டு நீதிமன்றம் இதைத் தீர்த்தது. வீட்டுக்காரரின் கடமையை வாடகை ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதி வாடகையாளர் தலையில் கட்ட முடியாது. ஸ்னோ அள்ள வைக்க வேண்டுமானால், அதற்கான பிரதிபலனோடு தனித்து நிற்கும் உடன்பாடு வேண்டும். அப்படியே இருந்தாலும் வாசல் ஸ்னோ அள்ளுவது வேறு, கூரைக்கும் பீலிக்கும் பொறுப்பேற்பது வேறு.

திருத்த மறுத்தால் நகரசபையின் 311 எண்ணுக்கு அழைத்து நகரசபைப் பரிசோதகரை வரவழையுங்கள். வாடகைத் தகராறுகளை விசாரிக்கும் லாண்ட்லோர்ட் அண்ட் டெனன்ட் போர்டில், பராமரிப்புக் குறைக்கான டி6 விண்ணப்பமும் போடலாம், அதற்கு ஒரு வருடக் கெடு. பேஸ்மென்டுக்கு அனுமதி இல்லாவிட்டாலும் உங்கள் உரிமை போகாது. உரிமை கேட்டதற்காகவே வெளியேற்றப் பார்க்கிறார் என்று தெரிந்தால் போர்ட் அதை மறுக்க வேண்டும். கோபத்தில் வாடகையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள், அது அவர் கையில் நீங்களே கொடுக்கும் காரணம்.

மருத்துவ அறிக்கையையும், மனைவி வேலைக்குப் போகாத நாட்களின் சம்பளச் சீட்டுகளையும் எடுத்துக்கொண்டு, காயவழக்கு நடத்தும் ஒரு சட்டத்தரணியை இந்தக் கிழமையே பாருங்கள். கடிதத்தை அவரே எழுதித் தருவார்.