புல்தரையில் நண்டுப்புல்: பிடுங்கப் பிடுங்க வருவது ஏன்?

கேள்வி: வீட்டு முன்புறம் சுமார் 600 சதுர அடியில் அருகம்புல் தரை போட்டிருக்கிறேன். கொஞ்ச நாளாக நடுநடுவே வெளிர்பச்சையில், அகலமான இலையோடு ஒரு புல் தரையோடு தரையாகப் படர்கிறது. கிராப்கிராஸ், அதாவது நண்டுப்புல் என்கிறார்கள். வாரம் தவறாமல் ஒட்ட வெட்டுகிறேன், தினமும் மாலையில் தண்ணீர் தெளிக்கிறேன், பிடுங்கியும் பார்த்துவிட்டேன். மறுபடி வருகிறது. கூடவே கோரையும் புளியாரையும் இருக்கின்றன. ஒருவர் கிளைபோசேட் என்ற களைக்கொல்லியை அடிக்கச் சொல்கிறார், இன்னொருவர் உப்புத் தண்ணீர் ஊற்றச் சொல்கிறார். குழந்தைகளும் நாயும் விளையாடும் இடம். என்ன செய்யலாம்?

பதில்: கிளைபோசேட் வேண்டாம். உப்பு வேண்டவே வேண்டாம். கிளைபோசேட்டுக்குக் களை எது, நீங்கள் வளர்க்கும் புல் எது என்று தெரியாது. பட்ட பச்சையெல்லாம் காயும். காய்ந்த இடத்தில் முதலில் முளைப்பது மண்ணில் காத்திருக்கும் களை விதைதான். உப்பு அதைவிட மோசம். மண் இறுகிப்போய், பிறகு நீங்கள் விரும்பும் புல்லும் அங்கே வேர் பிடிக்காது. வினிகரும் இலையை மட்டும் கருக்கும், அதுவும் எல்லாப் புல்லையும் சேர்த்துத்தான்.

முதலில் அது நண்டுப்புல்தானா என்று பார்த்துவிடுங்கள். ஒரு செடியை எடுத்து, இலை தண்டைவிட்டுப் பிரிகிற மூட்டை விரித்துப் பாருங்கள். அருகம்புல்லில் அந்த இடத்தில் வரிசையாகச் சிறு முடிகள் இருக்கும். நண்டுப்புல்லில் மெல்லிய வெள்ளைச் சவ்வு ஒன்று எழுந்து நிற்கும். பெரிய வகை நண்டுப்புல்லாக இருந்தால் தண்டைச் சுற்றிய இலையுறையில் பூனைமுடி கையில் தட்டுப்படும். கதிரிலும் வித்தியாசம் உண்டு: அருகின் கதிர் விரல்கள் எல்லாம் ஒரே புள்ளியிலிருந்து பிரியும், நண்டுப்புல்லில் சற்று மேலும் கீழுமாகப் பிரியும். செடியின் நடுப்பகுதி தட்டையாக நசுங்கி, வெள்ளிபோல் வெளுத்து, பிடுங்கவே முடியாத அளவு கெட்டியாக இருந்தால் அது வேறு புல். ஆள் நடந்து நடந்து இறுகிய மண்ணில் வருவது. அங்கே மருந்தைவிட மண்ணைத் துளையிட்டுத் தளர்த்துவதுதான் முதல் வேலை.

இனி உங்கள் கேள்விக்கு வருவோம். நண்டுப்புல் ஒரு பருவம் மட்டுமே வாழும் செடி. அருகுக்கு இருப்பதுபோல் மண்ணுக்கடியில் ஓடும் தண்டு அதற்குக் கிடையாது. விதை போட்டுவிட்டுச் சாகும், அவ்வளவுதான். ஆனால் நன்றாக வளர்ந்த ஒரு செடி ஆயிரக்கணக்கில் விதை உதிர்க்கும். அவை மண்ணில் சில வருடங்கள் உயிரோடு கிடக்கும். அதனால் நீங்கள் பிடுங்கிய செடி திரும்பி வரவில்லை, அதன் பக்கத்தில் கிடந்த விதை முளைத்திருக்கிறது. மேல்மண்ணில் இரண்டு மூன்று செ.மீ. ஆழத்துக்குள் கிடக்கும் விதைக்கு வெயிலும் ஈரமும் பட்டால் போதும், எழுந்துவிடும். ஒட்ட வெட்டி வெயிலைக் கொடுக்கிறீர்கள், தினமும் தெளித்து மேல்மண்ணை ஈரமாக வைக்கிறீர்கள். நண்டுப்புல் வளர்க்க வேண்டுமென்று யாராவது கேட்டால் இதையேதான் செய்யச் சொல்வேன்!

ஆகவே மருந்துக்கடைக்குப் போகுமுன் வெட்டும் இயந்திரத்தின் உயரத்தை ஏற்றுங்கள். சாதாரண அருகம்புல் தரையை 4 செ.மீ. உயரத்தில் வைத்தால் நல்லது. ஒரு தடவைக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டக் கூடாது. ஒட்ட வெட்டினால் களை கதிர் போடாது என்று பலரும் நினைக்கிறார்கள். நண்டுப்புல் 1 செ.மீ. உயரத்திலும் படுத்துக்கொண்டே கதிர் போடும். பிளேடு மழுங்கியிருந்தால் தீட்டிக்கொள்ளுங்கள்.

தண்ணீரை வாரம் இரண்டு தடவையாகக் குறைத்து, ஒவ்வொரு தடவையும் ஆழமாக நனையும்படி விடுங்கள். மழையையும் சேர்த்து வாரத்துக்கு மொத்தம் 2.5 செ.மீ. அளவு பொதுவாகப் போதும். மணற்பாங்கான மண்ணோ கடும் கோடையோ என்றால் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம். தரையில் ஒரு வெறும் டப்பாவை வைத்தால் எவ்வளவு விழுந்தது என்று தெரிந்துவிடும். தண்ணீர் விட்ட மறுநாள் நீளமான ஸ்க்ரூடிரைவரை மண்ணில் குத்திப் பாருங்கள், 15 செ.மீ. வரை சிரமமில்லாமல் இறங்க வேண்டும். இறங்காவிட்டால் ஈரம் உள்ளே போகவில்லை, அல்லது மண் இறுகியிருக்கிறது. மாலையில் விடுவதைக் காலைக்கு மாற்றிவிடுங்கள். இரவு முழுக்க இலை நனைந்திருந்தால் பூஞ்சைநோய் வரும்.

பிடுங்குவதிலும் முறை இருக்கிறது. தண்ணீர் விட்ட மறுநாள் காலையில் உட்காருங்கள். நான்கு பக்கமும் படர்ந்திருக்கும் தண்டுகளைத் தலைமுடியை அள்ளி முடிவதுபோல் ஒரு கையில் சேர்த்துத் தூக்கினால் அடித்தூர் தெரியும். களைக்கொத்தியை அதன் கீழே விட்டு நெம்பி எடுங்கள். தண்டை மட்டும் பிடித்து இழுத்தால் அறுந்துபோகும். கணுவில் வேர்விட்ட துண்டு தனிச்செடியாகிவிடும். கதிர் வருவதற்கு முன் எடுத்தால் பாதி வேலை முடிந்தது. கதிர் வந்துவிட்டதா? பையில் போட்டுக் கட்டி அப்புறப்படுத்துங்கள், உரக்குழியில் போடாதீர்கள். அந்த நாட்களில் இயந்திரத்தில் சேகரிப்புப் பையை மாட்டி வெட்டுவதும் அவசியம்.

பிடுங்கிய பள்ளத்தை அப்படியே விடக் கூடாது. பெரும்பாலானவர்கள் கோட்டைவிடுவது இங்கேதான். உங்கள் தரையிலேயே அடர்த்தியாக இருக்கும் ஓரத்திலிருந்து அருகம்புல் துண்டுகளை வெட்டி, 10 முதல் 15 செ.மீ. இடைவெளியில் அன்றைக்கே நட்டு மிதித்துவிடுங்கள். அவை வேர் பிடிக்கும்வரை அந்த இடத்துக்கு மட்டும் தினமும் தண்ணீர் வேண்டும். மேலே தூவச் செம்மண்ணோ மக்காத சாணமோ கொண்டுவராதீர்கள், களை விதையும் கூடவே வரும். வயலில் விரட்டியடிக்கிற அருகை இங்கே பதியம் போட்டு வளர்க்கிறோம், வேடிக்கைதான்.

களையை எடுத்த பிறகுதான் உரம். 100 சதுர அடிக்கு 100 கிராம் யூரியா ஒரு தடவைக்குப் போதும். உலர்ந்த இலைமேல் சீராகத் தூவி உடனே தண்ணீர் விட வேண்டும், இல்லாவிட்டால் கருகும். களை இருக்கும்போதே போட்டால் அதுவும் சேர்ந்து சாப்பிடும்.

மருந்து தேவையா? 600 சதுர அடிக்குக் கையே போதும் என்பது என் கருத்து. பரவல் அதிகமென்றால் பெண்டிமெத்தலின் போல, களை முளைக்கும் முன் இடும் மருந்து உதவும். அது முளைத்த செடியைக் கொல்லாது, விதையிலிருந்து எழும் நாற்றின் வேரையும் குருத்தையும் நிறுத்தும். எனவே நேரம்தான் முக்கியம். குளிர்காலம் கடுமையாக உள்ள இடங்களில், குளிர் விலகி மேல்மண் வெப்பம் 13 டிகிரி செல்சியஸை நெருங்கும்போதும், குளிரே இல்லாத இடங்களில் மழைக்காலம் தொடங்கச் சற்று முன்பும் இட வேண்டும். இட்டபின் அரை அங்குல அளவு தண்ணீர் விட்டால்தான் மண்ணில் படியும். ஆனால் புதிதாக நட்ட துண்டுகளின் வேரையும் அது தடுக்கும். நடுவதா, மருந்திடுவதா என்று இடத்துக்கு இடம் முடிவு செய்யுங்கள்.

முளைத்த நண்டுப்புல்லுக்குக் குயின்குளோராக் உண்டு, இளஞ்செடியில் நன்றாகக் கேட்கும். அருகம்புல் கொஞ்சம் மஞ்சளித்துத் தேறிக்கொள்ளும். எல்லாப் புல்வகையும் அதைத் தாங்காது. 2,4-டி வாங்கி ஏமாறாதீர்கள். அது புல் இனத்தைச் சேராத அகன்ற இலைக் களைகளுக்கானது, நண்டுப்புல்லை ஒன்றும் செய்யாது. காற்றில் பறந்தால் பக்கத்து ரோஜாவும் தக்காளியும் சுருண்டுவிடும். எதை வாங்கினாலும் லேபிளில் புல்தரைக்கு அனுமதி இருக்கிறதா, உங்கள் புல்லின் பெயர் இருக்கிறதா என்று பார்த்த பிறகே அடியுங்கள்.

புளியாரை பற்றிக் கவலை வேண்டாம், காய் வெடிக்கும் முன் எடுத்தால் குறையும். கோரை வேறு விஷயம். தண்டை விரலிடையில் உருட்டினால் முக்கோணமாக இருக்கும். இழுத்தால் மேல்பகுதி மட்டும் வரும், கிழங்கு கீழேயே தங்கி மறுபடி தளிர்விடும். நான்கைந்து இலை விடுவதற்குள் திரும்பத் திரும்ப எடுத்துக்கொண்டே இருந்தால் கிழங்கு மெல்ல மெல்ல வற்றும். அதற்கென்றே உள்ள ஹாலோசல்ஃபூரான் அடித்தாலும் மஞ்சளிக்க இரண்டு மூன்று வாரமாகும், அவசரப்பட்டு இரண்டாம் முறை அடிக்காதீர்கள்.

மரநிழலில் மட்டும் களை அதிகமென்றால் அங்கே அருகோடு மல்லுக்கட்ட வேண்டாம். நாளுக்கு ஆறு மணி நேரமாவது நேர்வெயில் இல்லாத இடத்தில் அது அடர்த்தியாக வராது. நிழல் தாங்கும் வேறு புல்லை வையுங்கள்.

மருந்து எதுவானாலும் இலை முழுவதும் உலரும்வரை குழந்தைகளும் நாயும் அந்தப் பக்கம் போகக் கூடாது; லேபிளில் அதைவிட அதிக நேரம் போட்டிருந்தால் அதுதான் கணக்கு. நாய் புல்லைக் கடிக்கும் பழக்கமுள்ளது என்றால், மருந்தை விட்டுவிட்டுக் களைக்கொத்தியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.