முன்விரோதக் கொலை வழக்குகளில் மேல்முறையீடு: கேள்வி பதில்

வாய்க்கால் தகராறு, வரப்புத் தகராறு, கோயில் முதல் மரியாதை என்று தொடங்கிக் கொலையில் முடிந்த வழக்குகளில், அமர்வு நீதிமன்றம் தண்டனை விதித்த பிறகு என்ன வழி என்று பலர் கேட்டிருக்கிறார்கள். குற்றவியல் மேல்முறையீடுகளை நடத்திவரும் வழக்கறிஞர் ஒருவரின் பதில்கள் இவை.

கேள்வி: ஐயா, என் தம்பி உட்பட ஒன்பது பேருக்கு ஆயுள் தண்டனை விதித்துவிட்டார்கள். எத்தனை நாளுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும்? அதுவரை ஜாமீன் கிடைக்குமா?

ஆயுள் தண்டனை என்றால் உயர் நீதிமன்றத்தில் 60 நாளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். தூக்குத் தண்டனை என்றால் 30 நாள். தீர்ப்பின் சான்றிட்ட நகல் பெறுவதற்கு ஆகும் காலம் இந்தக் கணக்கில் சேராது. வழக்கறிஞர் வைக்க வசதி இல்லையென்றால் சிறைக் கண்காணிப்பாளர் வழியாகவே மனு அனுப்பலாம், சட்டப் பணிகள் ஆணைக்குழுவும் வழக்கறிஞரை அமர்த்தித் தரும்.

நீங்கள் ஜாமீன் என்று சொல்வது, உண்மையில் தண்டனையை நிறுத்தி வைக்கக் கோரும் மனு. கொலைக் குற்றத்தில் அரசுத் தரப்பு தன் ஆட்சேபத்தை எழுத்தில் தெரிவிக்க வாய்ப்பளித்த பிறகே நீதிமன்றம் அதை முடிவு செய்யும். விசாரணைக் காலம் முழுவதும் உங்கள் தம்பி ஜாமீனில் ஒழுங்காக இருந்தார் என்பது மட்டும் போதாது, ஏனென்றால் தண்டனைக்குப் பிறகு அவர் நிரபராதி என்ற அனுமானம் அவருக்குத் துணை நிற்பதில்லை. தீர்ப்பைப் படித்ததுமே கண்ணில் படும் குறை ஏதாவது இருக்க வேண்டும்.

கேள்வி: சாட்சி சொன்ன நான்கு பேரும் இறந்தவரின் பங்காளிகள். எங்களுக்கும் அவர்களுக்கும் பல வருடப் பகை. இந்த ஒன்றே எங்களை விடுவிக்கப் போதாதா?

போதாது. இந்த வாதத்தை மட்டும் நம்பி வந்து தோற்றவர்கள் பலர். பகை இருந்தது என்று நீங்கள் அழுத்திச் சொல்லும்போதே, கொலைக்கான நோக்கம் உங்களுக்கு இருந்தது என்று அரசுத் தரப்பின் வேலையையும் சேர்த்துச் செய்துவிடுகிறீர்கள்.

நெருங்கிய உறவினர் என்பதாலேயே ஒருவருடைய சாட்சியத்தைத் தள்ளிவிட முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1953இல் தலீப் சிங் வழக்கிலேயே சொல்லிவிட்டது. உண்மையாகக் கொன்றவனை விட்டுவிட்டு வேறொருவனை மாட்டிவிட உறவினர் எளிதில் முன்வரமாட்டார் என்பது அதன் காரணம். முத்துப்பேட்டையில் டீக்கடைக்காரர் ஒருவர் தம் கடை முன்பாகவே கொல்லப்பட்ட வடிவேலு தேவர் வழக்கில் (1957), இறந்தவரின் மனைவி ஒருவருடைய சாட்சியத்தையே ஏற்றுத் தண்டனையை உறுதி செய்தார்கள்.

ஆனால் தலீப் சிங் தீர்ப்பில் பலர் படிக்காமல் தாண்டிவிடும் இன்னொரு பகுதி உண்டு. பகை முற்றியிருக்கும் இடத்தில், குற்றவாளியோடு சேர்த்துத் தனக்கு ஆகாத ஒரு நிரபராதியையும் இழுத்துவிடும் போக்கு உண்டு என்று அதே தீர்ப்பு எச்சரிக்கிறது. ஊர்ப் பகை வழக்கின் மேல்முறையீடு இந்த இடத்தில்தான் நிற்கிறது என்பது என் கருத்து. "ஒன்பது பேரும் அங்கே இல்லை" என்று மொத்தமாக மறுப்பதைவிட, ஐந்தாம் எதிரியை, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர்களில் ஐந்தாமவரை, பார்த்ததாக எத்தனை சாட்சிகள் சொன்னார்கள், அவர் கையில் என்ன இருந்தது, அந்த ஆயுதத்துக்கு ஏற்ற காயம் பிரேதப் பரிசோதனை அறிக்கையில் இருக்கிறதா என்று ஒவ்வொருவராகப் பிரித்துக் காட்டுவதே பயன் தரும். உத்தரப் பிரதேசக் கிராமம் ஒன்றில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த ஐந்து பேர் கொல்லப்பட்ட மசால்தி வழக்கில் (1964), எதிரிகள் பலராக இருக்கும்போது இரண்டு மூன்று சாட்சிகளாவது ஒருவரைப் பற்றி முரணின்றிச் சொல்லியிருக்க வேண்டும் என்ற அளவுகோலை உச்ச நீதிமன்றம் ஏற்றது. சட்டவிரோதக் கூட்டத்தின் பொது நோக்கத்தில் பங்கு கொண்டவரையும், சத்தம் கேட்டு வேடிக்கை பார்க்க ஓடிவந்தவரையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்ற விவாதமும் அதில் உண்டு.

கேள்வி: போலீசாரிடம் ஒப்புக்கொண்டு அரிவாளை எடுத்துக் கொடுத்ததாக மகஜர் (பொருளைக் கைப்பற்றியதற்குச் சாட்சிகள் முன் எழுதும் பதிவு) இருக்கிறது. கிராம நிர்வாக அலுவலரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார். இனி தப்பிக்க வழியில்லை என்கிறார்களே?

இதற்கான அடிப்படைத் தீர்ப்பே நம் பழைய சென்னை மாகாணத்திலிருந்து போனதுதான். குண்டூர் அமர்வு நீதிமன்றம் தண்டித்து, சென்னை உயர் நீதிமன்றம் உறுதி செய்த புலுக்குரி கோட்டய்யா வழக்கை 1946 டிசம்பரில், அன்றைய இறுதி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் தீர்த்தது. பொழுது சாயும் நேரத்தில் குளத்து மூலையில் தன் தரப்பு ஆட்களோடு காத்திருந்து இருவரை அடித்துக் கொன்றதாகவும், ஈட்டியையும் தன் கம்பையும் ஊருக்குள் இன்னாருடைய வைக்கோல் போரில் மறைத்து வைத்திருப்பதாகவும், வந்தால் எடுத்துக் காட்டுவதாகவும் ஓர் எதிரி போலீசாரிடம் சொல்லியிருந்தார்.

மறைத்த இடத்தைச் சொன்ன பகுதி செல்லும், கொன்றதைச் சொன்ன பகுதி செல்லாது என்று பிரிவி கவுன்சில் பிரித்தது. கண்டுபிடிக்கப்பட்டது ஈட்டி அன்று. அது இன்ன இடத்தில் இருக்கிறது என்பதும், அது அந்த எதிரிக்குத் தெரியும் என்பதுமே கண்டுபிடிக்கப்பட்டவை. ஒதுக்க வேண்டிய பகுதியை ஒதுக்கிவிட்டு, எஞ்சிய சாட்சியம் தண்டனைக்குப் போதுமா என்று பார்க்கும்படி வழக்கு சென்னைக்கே திரும்பியது. இதைச் சொல்லும் சாட்சியச் சட்டம் 27ஆம் பிரிவு இப்போது புதிய சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தில் 23ஆம் பிரிவின் கீழ் வந்துவிட்டாலும் இந்த விதி மாறவில்லை. ஆகவே உங்கள் தீர்ப்பில் "வெட்டியதாக ஒப்புக்கொண்டார்" என்ற வரியை நீதிபதி ஆதாரமாக எடுத்திருக்கிறாரா என்று பாருங்கள். அந்த அரிவாளில் இருந்த இரத்தம் பற்றி இரசாயனப் பரிசோதனை அறிக்கை என்ன சொல்கிறது என்பது அடுத்த கேள்வி.

கேள்வி: புகார் கொடுக்க மறுநாள் ஆகிவிட்டது. இது எங்களுக்குச் சாதகமா?

தாமதத்துக்கு விளக்கம் இல்லையென்றால் சாதகம். துலியா காளி வழக்கில் (1972) காவல் நிலையம் இரண்டே மைல் தூரத்தில் இருந்தும் புகார் 20 மணி நேரத்துக்கு மேல் தாமதமானது; உச்ச நீதிமன்றம் விடுதலை செய்ததற்கு அது முக்கியக் காரணம். முதல் தகவல் அறிக்கை நீதித்துறை நடுவர் (மாஜிஸ்திரேட்) கைக்கு எந்த நேரத்தில் போய்ச் சேர்ந்தது என்பதையும் பாருங்கள். அறிக்கையின் மேல் நடுவர் தம் கையால் எழுதிய நேரம் இருக்கும். பெயர்கள் பிறகு யோசித்துச் சேர்க்கப்பட்டனவா என்பதை அந்த ஒரு வரி சில நேரம் காட்டிக்கொடுத்துவிடும்.

கேள்வி: நான் இறந்தவரின் மனைவி. ஒன்பது பேரைத் தண்டித்த நீதிமன்றம் இருவரை விடுதலை செய்துவிட்டது. அரசு மேல்முறையீடு செய்யவில்லை. நான் செய்யலாமா?

செய்யலாம் அம்மா. 2009 டிசம்பர் 31 முதல் பாதிக்கப்பட்டவருக்கு அந்த உரிமை உண்டு. விடுதலையையும், குறைந்த குற்றத்தில் மட்டும் தண்டித்ததையும், இழப்பீடு போதாததையும் எதிர்த்து நீங்களே போகலாம். தண்டனையைக் கூட்டக் கேட்கும் உரிமை மட்டும் அரசிடமே இருக்கிறது. ஆனால் விடுதலையை மாற்றுவது கடினம். சாட்சியத்தை இரண்டு விதமாகப் பார்க்க முடியும் என்றால் உயர் நீதிமன்றம் பெரும்பாலும் கீழ் நீதிமன்றத்தின் பார்வையில் தலையிடாது.

கேள்வி: ஊர்ப் பெரியவர்கள் பேசி இரு குடும்பமும் சமாதானமாகிவிட்டோம். மேல்முறையீட்டில் அதைச் சொல்லி முடித்துக்கொள்ளலாமா?

முடியாது. கொலைக் குற்றம் சமரசம் செய்துகொள்ளக் கூடியதல்ல. கொலைக் குற்றம் உறுதியானால் ஆயுள் தண்டனைக்குக் கீழே இறங்கவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் இல்லை. திடீர்ச் சண்டையில் நடந்தது என்று கொலையாகாத மரணம் விளைவித்த குற்றமாக மாறினால் மட்டும், எத்தனை ஆண்டு என்று தீர்மானிக்கும்போது சமாதானத்தை நீதிமன்றம் கவனத்தில் கொள்ளலாம். அதற்கு முதலில் முன்திட்டம் இல்லை என்பதைச் சாட்சியத்திலிருந்தே காட்ட வேண்டும்.