வாளியை எண்ணிட்டுக் கடைக்குப் போங்க

வாசகர் கேள்வி, மெக்கானிக் பதில்

கேள்வி: ஐயா, நாங்கள் மதுரை திருநகரில் இருக்கிறோம். கூட்டுக் குடும்பம், 9 பேர். மாமியாருக்கு 84 வயது. சித்திரை வெயிலிலும் வெந்நீரில்தான் குளிப்பார். 9 வருடம் முன்பு மொட்டைமாடியில் 300 லிட்டர் ஹீட் பம்ப் வாட்டர் ஹீட்டர் (காற்றின் சூட்டை இழுத்துத் தண்ணீரைச் சூடாக்கும் மெஷின்) வைத்தோம். இந்த ஐப்பசியில் நின்றுவிட்டது. சர்வீஸ் பையன் வந்து காதை வைத்துக் கேட்டுவிட்டு, "கம்ப்ரஸர் போச்சு மேடம், புதுசு மாத்திருங்க" என்று சொல்லிப் போய்விட்டார். அதே 300 லிட்டருக்கு ஒரு கடையில் 1,10,000 ரூபாய் கொட்டேஷன் கொடுத்திருக்கிறார்கள். சின்ன மகன் சோலார் போடலாம் என்கிறான். என் கணவர், நாலு பாத்ரூமுக்கும் நாலு கீசர் மாட்டினால் முடிந்தது என்கிறார். எங்கள் போர் தண்ணீர் 1,400 டிடிஎஸ் (கரைந்திருக்கும் உப்பின் அளவு). பெரிய மகன் குடும்பம் (4 பேர்) அடுத்த வருடம் கோயம்புத்தூருக்கு மாறினாலும் மாறலாம். எதை வாங்குவது?
ஓய்வுபெற்ற ஆசிரியை, திருநகர்

பதில்: டீச்சரம்மா, முதல்ல அந்தப் பையனோட காதை நம்பாதீங்க. கம்ப்ரஸர் செத்ததைக் காதால கண்டுபிடிக்க முடியாது. மீட்டர் வச்சுப் பாக்கணும்.

சுவிட்ச் போட்டதும் "ங்ங்"னு முனகிட்டு, சில நொடியில "டிக்"னு நின்னுபோகுதா? அப்படின்னா நான் முதல்ல சந்தேகப்படுறது ரன் கப்பாசிட்டரை. டார்ச் பேட்டரி கணக்கா உருண்டையா ஒரு சாமான், சில நூறு ரூபாய்தான். அது நல்லா இருந்தாத்தான் அடுத்தது கம்ப்ரஸர். அதோட மூடியைக் கழட்டினா மூணு பின் இருக்கும்: காமன், ஸ்டார்ட், ரன். காமனுக்கும் ஸ்டார்ட்டுக்கும் மீட்டர்ல ஒரு ஓம்ஸ் (மின்தடை அளவு) காட்டும், காமனுக்கும் ரன்னுக்கும் ஒரு ஓம்ஸ். இந்த ரெண்டையும் கூட்டினா ஸ்டார்ட்டுக்கும் ரன்னுக்கும் நடுவுல உள்ளது வரணும். வந்தா வைண்டிங், அதாவது உள்ள மோட்டார்ல சுத்தின கம்பி, உயிரோட இருக்கு. எந்தப் பின்னாவது பாடியோட சேந்து ரீடிங் காட்டினா சோலி முடிஞ்சது. 9 வருஷத்து மெஷின்ங்கிறதால இன்வெர்ட்டர் (தேவைக்கேத்த மாதிரி வேகத்தை மாத்திக்கிற ரகம்) இல்லாத சாதா கம்ப்ரஸரா இருக்கும்னு வச்சுச் சொல்றேன். அந்தப் பையனைத் திரும்பக் கூப்பிட்டு, "நாலு ரீடிங்கையும் நோட்டுல எழுதிக் குடு தம்பி"ன்னு கேளுங்க. டீச்சர் கேட்டா எழுதாம எங்க போவான்?

சரி, நிசமாவே கம்ப்ரஸர் போயிருந்தா? பழைய டேங்குல புதுக் கம்ப்ரஸர் போடச் சொல்லி நான் சொல்ல மாட்டேன். 1,400 டிடிஎஸ் தண்ணி 9 வருஷமா அதுக்குள்ள கிடந்திருக்கு. டேங்குக்குள்ள ஆனோடு ராடுன்னு மெக்னீசியக் கம்பி ஒண்ணு தொங்கும். டேங்கை அரிக்க வர்ற தண்ணி முதல்ல அதைத் தின்னட்டும்னு வச்சது. நம்ம ஊர் போர் தண்ணிக்கு வருஷம் ஒருதரம் வெளிய எடுத்துப் பாத்து, கரைஞ்சிருந்தா மாத்தணும். உங்க வீட்ல 9 வருஷத்துல ஒரு தரமாவது மாத்தினாங்களா? அப்படி ஒண்ணு இருக்கிறதே இப்பத்தான் தெரியும்னா நீங்க மட்டும் இல்ல, நான் போற வீடெல்லாம் அப்படித்தான். இப்ப கழட்டிப் பாத்தா நடுவுல வெறும் கம்பிதான் நிக்கும்னு நெனைக்கிறேன்.

இனி புதுசு. கடைக்காரர் பழைய மெஷின் ஸ்டிக்கரைப் பாத்து 300ன்னு எழுதியிருக்கார். உங்க வீட்ல எத்தனை வாளி ஓடுதுன்னு யாராவது கேட்டாங்களா? நான் கேக்குறேன். ஒரு ஆளுக்கு ரெண்டு வாளி, வாளி 18 லிட்டர். 9 பேருக்கு 324 லிட்டர். இது விளாவின தண்ணி, கை பொறுக்கிற சூடு, 40 டிகிரி. டேங்குல இருக்கிறது 50 டிகிரி. நம்ம குழாய்ல சாதாரணமா வர்ற பச்சைத் தண்ணி ஒரு 28 டிகிரின்னு வைங்க. பாதிக்குக் கொஞ்சம் மேல வெந்நீர், மிச்சம் பச்சைத் தண்ணி விட்டா 40 வந்துரும். அதாவது டேங்குல இருந்து இறங்குறது 177 லிட்டர். மார்கழியில தண்ணி 25க்கு இறங்கினாலும் 194தான். 200 லிட்டர் டேங்க் போதும். அதுலயும் எல்லாரும் ஒரே நேரம் குளிக்கப் போறதில்ல. முன்னாடி ஆள் குளிக்கக் குளிக்க மெஷின் திரும்பச் சூடு பண்ணிக்கிட்டே இருக்கும். ஷவர்ல கால்மணி நேரம் நிக்கிற பிள்ளைக இருந்தா கணக்கு மாறும். அதை நீங்கதான் சொல்லணும்.

கரண்டு எவ்வளவுன்னு பாப்போம். 1 யூனிட் கரண்டுல 860 கிலோ கலோரி சூடு. 324 லிட்டரை 12 டிகிரி ஏத்த 3,888 கிலோ கலோரி, அதாவது 4.5 யூனிட். கீசர்ல குழாய், டேங்க் வழியா வீணாப் போறதையும் சேத்தா 5 யூனிட்டுக்கு மேலதான். ஹீட் பம்ப் சூட்டை உண்டாக்குறதில்ல, வெளிக்காத்துல இருக்கிற சூட்டை இழுத்துத் தண்ணிக்குள்ள தள்ளுது. ஃப்ரிட்ஜ் பக்கவாட்டைத் தொட்டுப் பாருங்க, கதகதன்னு இருக்கும். உள்ள இருந்த சூட்டை வெளிய தள்ளுற அதே வேலைதான் இது. 1 யூனிட் கரண்டு கொடுத்தா நம்ம ஊர்க் காத்துக்கு 3 யூனிட் சூடு கிடைச்சுரும். ஆக உங்க வீட்டுக்கு ஒரு நாளைக்கு ரெண்டு யூனிட்டுக்குள்ள முடியும். மிச்சம் ஒரு 3.5 யூனிட். ரெண்டு மாசத்துக்கு 210. 9 பேர் இருக்கிற வீடு, ரெண்டு மாச பில் 500 யூனிட்டைத் தாண்டாம இருக்காது. அதுக்கு மேல யூனிட் 8 ரூபாய்க்குக் குறையாது. பில்லுக்கு 1,700 ரூபாய் கிட்ட மிச்சமாகும். ஆனா சித்திரை, வைகாசியில மாமியாரைத் தவிர யாரும் வெந்நீர் கேக்க மாட்டீங்க. 8 மாசம்னு வச்சா வருஷத்துக்கு 6,700. இதுக்கு மேல மிச்சமாகும்னு எவனாவது சொன்னா அவன் கமிஷனுக்குப் பேசுறான்.

இப்ப உங்க வீட்டுக்காரர் சொன்ன நாலு கீசர். ஒவ்வொண்ணும் 2,000 வாட்ஸ். காலை ஆறரை மணிக்கு நாலும் ஒண்ணா ஓடினா 8 கிலோவாட். சிங்கிள் ஃபேஸ் லைனா இருந்தா மெயின் தாங்காது, வயரிங்கையும் சேத்து மாத்த வேண்டி வரும். நாலு கீசர் காசோட வயரிங் செலவையும் கூட்டிட்டு, அப்புறம் ஹீட் பம்ப் விலையோட ஒப்பிடச் சொல்லுங்க.

சோலார் நல்ல சாமான்தான். ஆனா உங்க தண்ணிக்கு வேண்டாம். கண்ணாடிக் குழாய் மாடல்ல தண்ணி நேரா குழாய்க்குள்ள இறங்கும். அடிப்பக்கம் அடைச்ச குழாய், சுண்ணாம்பு அங்கேயே படிஞ்சு இறுகிரும். ஒரு நாள் மதியம் "பட்"னு விரிசல். விளாங்குடிப் பக்கம் ஒரு வீட்ல ஒரே வருஷத்துல ஏழு குழாய் மாத்தியிருக்கேன். அதோட வடகிழக்குப் பருவமழை மாசங்களை நெனைச்சுப் பாருங்க. ஐப்பசி, கார்த்திகையில வெந்நீர் வேணும், வெயில் இருக்காது. பங்குனியில வெயில் கொதிக்கும், வெந்நீர் யாருக்கும் வேணாம்.

அதனால 9 பேரும் இருக்கப்போறீங்கன்னா 200 லிட்டர் ஹீட் பம்ப். எந்த கம்பெனின்னு கேக்காதீங்க, நான் சொல்றதில்ல. கடையில ஒரே ஒரு விஷயம் கேளுங்க: "சூடு பண்ற காயில் டேங்குக்கு வெளிய சுத்தியிருக்கா, இல்ல தண்ணியைத் தனி எக்ஸ்சேஞ்சருக்கு (தண்ணிக்குச் சூடு ஏத்துற தனிப் பெட்டி) இழுத்துட்டுப் போகுதா?" வெளிய சுத்தினதுதான் உங்களுக்கு வேணும். எக்ஸ்சேஞ்சர்ல சந்து ரொம்பக் குறுகல். உப்புத் தண்ணிக்கு ரெண்டு வருஷத்துல அடைச்சுக்கும். அப்புறம் ஆசிட் விட்டுக் கழுவுறதே பொழப்பாப் போயிரும். ஆனோடு ராடு தனியா விலைக்குக் கிடைக்குமான்னும் கேட்டுட்டுப் பணம் கட்டுங்க.

வைக்கிற இடத்துல நானே ஒரு தரம் மண்ணைக் கவ்வினவன். பதினஞ்சு வருஷம் இருக்கும், டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் ஒரு லாட்ஜ். மழையில நனையக் கூடாதுன்னு பெரிய யோசனைக்காரன் மாதிரி மாடிப்படி ரூமுக்குள்ள மெஷினை வச்சு, கதவையும் சாத்திட்டேன். மெஷின் விடுற காத்து குளிர்ந்த காத்து. அதையே திரும்பத் திரும்ப உறிஞ்சி, ரெண்டு நாள்ல அந்த ரூம் ஃப்ரிட்ஜ் ஆயிருச்சு. தண்ணி வெதுவெதுப்புக்கு மேல ஏறவே இல்ல. நான் கம்பெனிக்குப் போன் மேல போன் போட்டுச் சத்தம் போட்டுக்கிட்டிருக்கேன், மேனேஜர் சாமி படத்துக்கு வாங்கின மல்லிப்பூவை அந்த ரூம்ல வச்சு, "மூணு நாளா வாடல அண்ணே"ன்னு சந்தோஷமாச் சொல்றார். அன்னைக்குத்தான் உறைச்சுச்சு. ஜன்னலைக் கழட்டி விட்டதும் சரியாப் போச்சு. நீங்க மொட்டைமாடியில திறந்த இடத்துல வைங்க, மேல மட்டும் ஒரு தகரம். மாமியார் ரூம் ஜன்னலுக்கு நேர் மேல வேண்டாம், சத்தம் இருக்கும். காத்து குளிர்றப்ப மெஷினுக்குக் கீழ சொட்டுற தண்ணியைச் செடிக்கு விடலாம். சுத்தமான தண்ணிதானேன்னு இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊத்திராதீங்க, தூசியும் உலோகமும் கலந்திருக்கும்.

டைமரை மதியம் ரெண்டு மணிக்கு வைங்க, காலையில குளிக்கிற நேரத்துக்கும் மெஷின் ஓடட்டும். காத்து எவ்வளவு சூடா இருக்கோ அவ்வளவு கம்மி கரண்டு. நம்மளை வதைக்கிற வெயில்தான் இந்த மெஷினுக்குச் சோறு. நல்ல டேங்கா இருந்தா மறுநாள் காலைக்கு நாலஞ்சு டிகிரிதான் இறங்கியிருக்கும். மார்கழியில மட்டும் டேங்க் சூட்டை 55 டிகிரி வச்சுக்கங்க.

பெரிய பையன் விஷயத்துக்கு வர்றேன். அவர் கோயம்புத்தூர் போயிட்டா மிச்சம் 5 பேர். அப்ப 8 மாசக் கணக்குல மிச்சமாகுறது 4,000 கிட்டத்தான் வரும். அவ்வளவுக்காக ஒரு லட்சத்தை முடக்கச் சொல்ல எனக்கு மனசு வராது. மாமியார் பாத்ரூம்ல ஒண்ணு, பொதுவுக்கு ஒண்ணுன்னு ரெண்டு கீசர் போதும். ஆக, இதை நான் தீர்க்க முடியாது. இந்த ஞாயித்துக்கிழமை பையனையும் மருமகளையும் உக்கார வச்சுப் பேசிருங்க. அதுவரைக்கும் மாமியாருக்கு அடுப்புல ஒரு குண்டான் போட்டா ஆச்சு.

கேள்வி: அண்ணே, மேலூரில் மாடி ரூம், 12க்கு 14 அடி. 14 வருடத்துப் பழைய 1.5 டன் ஏசியை இன்வெர்ட்டராக மாற்றப் போகிறேன். 2 டன் போடு என்கிறார்கள். பழைய காப்பர் பைப்பே போதுமா?
ஒரு வாசகர், மேலூர்

பதில்: பழைய பைப் வேண்டாம் தம்பி. உங்க பழைய ஏசியில ஆர்22 கேஸா இருக்கும். ஓசோனை அரிக்குதுன்னு அந்தக் கேஸையே 2030க்குள்ள நம்ம நாட்டுல ஒழிக்கிறாங்க. இப்ப வர்றது பெரும்பாலும் ஆர்32. பிரஷர் பழசை விட ஒன்றரை மடங்குக்கு மேல, எண்ணெயும் வேற ரகம். பழைய பைப்புக்குள்ள ஒட்டியிருக்கிற எண்ணெயோட அது சேராது. பைப்ல ரெண்டாயிரம் மூவாயிரம் மிச்சம் பிடிச்சுட்டுக் கம்ப்ரஸரைத் தொலைச்சவங்களைப் பாத்திருக்கேன். மாட்ட வர்ற ஆள் கையில வேக்கும் பம்ப் (பைப்புக்குள்ள இருக்கிற காத்தை உறிஞ்சி எடுக்கிற பம்ப்) இருக்கான்னு பாருங்க. கொஞ்சம் கேஸைத் திறந்துவிட்டுக் காத்தை வெளியேத்துறேன்னு சொன்னா, மோர் குடுத்து அனுப்பிருங்க.

டன்னுன்னா ஏசியோட எடை இல்ல. அமெரிக்கக் கணக்குல ஒரு டன் ஐஸ், 2,000 பவுண்டு, 24 மணி நேரத்துல உருகினா எவ்வளவு சூட்டை உறிஞ்சுமோ அவ்வளவு. ஐஸ் பார் வச்சுக் குளிரூட்டின காலத்துக் கணக்கு இன்னும் ஓடுது. உங்க ரூமுக்கு 1.5 போதும். மேல தளம் காயுறதாலதான் 2 கேக்கத் தோணுது. அந்த அரை டன் காசுக்கு மாடியில வெள்ளை கூலிங் டைல்ஸ் பதிச்சுருங்க. டைல்ஸுக்குக் கரண்டு பில் வராது.

கேள்வி: கொடைக்கானலில் சின்னதாக ஒரு வீடு வாங்கியிருக்கிறோம். அங்கே ஹீட் பம்ப் வேலை செய்யுமா?
வாசகி, கே.கே. நகர், மதுரை

பதில்: செய்யும், மதுரை மாதிரி செய்யாது. குளிர்ந்த காத்துல இழுக்கச் சூடு கம்மி. ராத்திரி காயில்ல உறைபனி பிடிக்கும். அதை உருக்க மெஷின் நடுநடுவுல வேலையை நிறுத்தும். டேங்குக்குள்ள துணைக்கு ஹீட்டர் எலிமெண்ட் இருக்கிற மாடல் மட்டும் வாங்குங்க. மாசத்துல ரெண்டு நாள்தான் போவீங்கன்னா கீசரே போதும்.

கேள்வி: வெயில் காலத்தில் ஏசி அவுட்டோர் மேல் நனைந்த சாக்கு போடச் சொல்கிறார் பக்கத்து வீட்டு மாமா. போடலாமா?
வாசகர், அவனியாபுரம்

பதில்: போடாதீங்க. போர் தண்ணி காய்ஞ்சு உப்பு பூத்து ஃபின் (காத்து புகுற மெல்லிசுத் தகடு) எல்லாம் அடைச்சுக்கும், காத்தும் போகாது. ரெண்டு அடி தள்ளி மேல ஒரு கீத்துப் பந்தல் போடுங்க. சாக்கை மாமாகிட்டயே திருப்பிக் குடுத்துருங்க.