சொல்லை மாற்றினால் சொந்தமாகிவிடுமா?

கேள்வி: ப்ராஜெக்ட் கட்டுரைக்காக இணையத்தில் எடுத்த பத்தியை என் மகள் வேறு சொற்களில்தான் எழுதினாள். ஆனாலும் 'காப்பி' என்று ஆசிரியர் திருப்பித் தந்துவிட்டார். இது நியாயமா?

பதில்: ஆசிரியர் சொன்னது சரி. 'அதிகரித்தது' என்பதைக் 'கூடியது' என்று மாற்றினாலும், வாக்கியங்களின் வரிசையும் வாதத்தின் போக்கும் மூலத்துடையவையே. பெரும்பாலும் இதில் ஏமாற்றும் எண்ணம் இருப்பதில்லை. மூலத்தைக் கண்முன் வைத்துக்கொண்டே எழுதுவதுதான் காரணம். புரியாத பத்தி என்றால் எந்தப் பிள்ளையும் சொல்லைத்தான் மாற்றும்.

பத்தியை இரண்டு முறை படித்து, பக்கத்தை மூடிவிட்டு, புரிந்ததை உங்களிடம் வாய்விட்டுச் சொல்லட்டும். திணறினால் மறுபடி படிக்க வேண்டும். தடையின்றிச் சொல்ல வந்தபிறகே எழுத வேண்டும். கடைசியில் மூலத்தைத் திறந்து பெயர், ஆண்டு, எண்களைச் சரிபார்க்கட்டும். ஏதாவது சொற்றொடர் அப்படியே ஒட்டிக்கொண்டு வந்திருந்தால் மேற்கோள் குறி இடட்டும். முழுக்கத் தன் நடையில் எழுதினாலும் கருத்து யாருடையது என்று குறிப்பிட்டே ஆக வேண்டும். பலர் தவறுவது இங்கேதான்.

குறிப்பெடுக்கும்போது மூலத்தின் வரிகளை ஒரு நிறத்திலும் தன் வரிகளை வேறு நிறத்திலும் எழுதுவது நல்லது. ஒரு வாரம் கழித்து எது யாருடையது என்று நினைவிருக்காது.

கேள்வி: கட்டுரையைப் பிற எழுத்துகளோடு ஒப்பிட்டு ஒப்புமை பார்க்கும் மென்பொருள் 30 சதவீதம் காட்டினால் திருட்டுதானா?

பதில்: இல்லை. அது ஒத்திருக்கும் எழுத்தின் அளவு மட்டுமே. முறையான மேற்கோள்களும் நூற்பட்டியலும்கூட அதில் சேரலாம். மாறாக, 5 சதவீதம் என்பது முழுதாகத் திருடிய ஒரே பத்தியாகவும் இருக்கலாம். எண்ணை வைத்துத் தண்டிக்காதீர்கள். மென்பொருள் தரும் அறிக்கையைத் திறந்து, ஒத்திருப்பதாகக் காட்டும் ஒவ்வொரு இடமாகப் படியுங்கள்.